ஈ என்றால் பெயிலா?

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து கனடாவுக்கு, ஸ்காபரோ வந்து ஒன்றரை வருடம். காலையில், புதிதாக வந்தவர்களுக்கான லிங்க் (LINC) வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறேன். மகன் நாலாம் வகுப்பு. ரீச்சரைச் சந்திக்கப் போனபோது அவன்தான் மொழிபெயர்த்தான், "நான் நல்லாப் படிக்கிறேனாம்" என்றான். பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஒரு இடத்தில் ‘ஈ’ (E), இன்னொரு இடத்தில் ‘என்’ (N). ஈ என்றால் பெயிலா? ஆங்கிலம் ஓரளவு வரும்வரை பள்ளிப் பக்கம் போகாமல் இருக்கலாமா?

– வாசகி, ஸ்காபரோ

பதில்: ஊரில் ஏ, பி, சி, எஸ் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஈ பாதாளத்தில் கிடப்பது போலத்தான் தெரியும். ஆனால் இங்கே ஒன்டாரியோ மாகாண ரிப்போர்ட்டில் பொறுப்பு, ஒழுங்கு, தனியாக வேலை செய்வது, சேர்ந்து செய்வது என்று ஆறு பழக்கங்களுக்குத் தனியாக எழுத்துப் போடுவார்கள். அதில் ஈதான் உச்சம், ‘எக்ஸலன்ட்’. ‘என்’தான் கவனிக்க வேண்டியது, இன்னும் திருந்த வேண்டும் என்று அர்த்தம். அப்புறம், பாடங்களுக்கு பி வந்தால் பிள்ளையைப் போட்டு வறுக்காதீர்கள், மாகாணம் எதிர்பார்க்கும் மட்டமே அதுதான்.

அந்த ‘என்’னைப் பற்றி ரீச்சர் அன்றைக்கு ஏதாவது சொல்லியிருப்பார். தன் மேல் வந்த முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? நானென்றாலும் பாதியை விழுங்கியிருப்பேன். அதனால் அடுத்த முறை அவனை அந்த வேலைக்கு விடாதீர்கள். சந்திப்புக்கு ஒன்றிரண்டு கிழமை முன்பே பள்ளி ஆபீசுக்குப் போய் "ஐ நீட் எ தமிழ் இன்ரர்பிரட்டர்" என்று மட்டும் சொல்லுங்கள், இலக்கணம் எல்லாம் யாரும் பார்க்கப் போவதில்லை. புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவப் பல பள்ளிகளுக்கு செட்டில்மென்ட் வேர்க்கர் ஒருவரும் வருவார், அவரையும் விசாரியுங்கள். ஆங்கிலம் வரட்டும் என்று காத்திருந்தால் பையன் ஹைஸ்கூல் போய்விடுவான்.

வீட்டில் அவன் ஆங்கிலக் கதையைச் சத்தமாக வாசிக்கட்டும், முடிந்ததும் கதையைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். விளங்காமல் வாசித்திருந்தால் அங்கேயே தடுமாறுவான், உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அது தெரிந்துவிடும்.

ரிப்போர்ட்டை நாளைக்கே லிங்க் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பெயரை மறைத்துவிட்டு, ‘என்’ எதற்கு, வீட்டில் நான் என்ன செய்யலாம் என்று இரண்டு வரிக் கடிதம் எழுத அந்த ஆசிரியரிடம் உதவி கேளுங்கள். புத்தகத்தில் வரும் பாங்கிக் கடிதத்தைவிட இது உங்களுக்கு வேலைக்கு ஆகும்.