சிஸ்டம்டியில் பழைய இனிட் ஸ்கிரிப்டுகள் போகப்போகின்றனவாம், எங்கள் சேர்வரை எப்படிச் சோதிப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. மாங்குளத்தில் ஒரு கடையின் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) சேர்வரைப் பார்க்கிறீர்கள். பில் போடும் மென்பொருள் பழைய இனிட் ஸ்கிரிப்டில், அதாவது சேவையைத் தொடங்கி நிறுத்தும் பழைய பாணிக் கட்டளைக் கோப்பில், ஓடுகிறது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி அந்த ஸ்கிரிப்டுகளைக் கைவிடப் போகிறது என்று கேள்விப்பட்டு, பதிப்பு மாற்றினால் கடை நின்றுவிடுமா, முன்கூட்டியே எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறீர்கள்.

நாளைக்கே நிற்காது. டெபியன் 12-இல் இருப்பது சிஸ்டம்டி 252. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 257. இரண்டிலும் இனிட் ஸ்கிரிப்ட் ஓடும். 260-ஆவது பதிப்போடு அந்த ஆதரவை எடுப்பதாகத்தான் சிஸ்டம்டி ஆட்கள் அறிவித்திருக்கிறார்கள், ஆகவே டெபியன் 13-ஐத் தாண்டும்போதுதான் உங்களுக்கு அது முட்டும். ஆனாலும் அதுவரை பொறுத்திருக்க வேண்டாம். அந்த ஸ்கிரிப்ட் இப்போதே உங்களுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பரந்தன் பக்கம் ஓர் அரிசி ஆலையில் லொறித் தராசோடு இணைந்த கொம்பியூட்டர் ஒன்றைப் பார்க்கிறேன். தராசிலிருந்து எடையை வாங்கி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் எழுதும் ஒரு சின்னப் பைதன் நிரல், இனிட் ஸ்கிரிப்டில் ஓடியது. காலபோக அறுவடை நேரம், ஒரு பின்னேரம் கரண்ட் போய் வந்தது. நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வாசல் தாண்டி வீதி வரைக்கும் நிற்கின்றன, திரையில் எடை வரவில்லை. சேவையின் நிலையைக் கேட்டால் பச்சை நிறத்தில் ஆக்டிவ் என்கிறது. அந்தப் பச்சையை நம்பித் தராசின் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டே அரை மணித்தியாலம் போக்கினேன். ஆக்டிவ் என்பதற்குப் பக்கத்திலேயே எக்ஸிட்டட் என்று இருந்ததை அதன் பிறகுதான் கண்டேன்.

காரணம் இதுதான். இனிட் ஸ்கிரிப்டைக் கண்டால் சிஸ்டம்டி தானாகவே ஒரு யூனிட்டை, அதாவது சேவையை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கோப்பை, உருவாக்கிக்கொள்ளும். அப்படி உருவாகும் யூனிட்டில் மீண்டும் தொடங்கும் ஏற்பாடு கிடையாது. ஸ்கிரிப்டில் பிஐடி கோப்பின் (ஓடும் நிரலின் எண்ணை வைத்திருக்கும் கோப்பு) பெயர் குறிக்கப்படாவிட்டால், உள்ளே ஓடிய நிரல் செத்தாலும் சேவை ஆக்டிவ் என்றே நிற்கும். எங்கள் ஸ்கிரிப்டின் தலைப்பில் போஸ்ட்கிரெஸுக்குப் பிறகு தொடங்கு என்றும் எழுதியிருக்கவில்லை. கரண்ட் வந்ததும் தரவுத்தளம் தன்னை மீட்டுக்கொண்டிருக்க, நிரல் முந்திப்போய், இணைய முடியாமல் செத்துவிட்டது.

உங்களிடம் இப்படி எத்தனை இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். கட்டளைகளைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் --ஸ்டேட்=ஜெனரேட்டட். டிஸ்க்குகளை இணைக்கும் எஃப்எஸ்டாப் மவுண்டுகளும் அந்தப் பட்டியலில் வரும், அவற்றை விட்டுவிடுங்கள். சேர்விஸ் என்று முடிபவைதான் உங்கள் வேலை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து வரியில் ஒரு யூனிட் கோப்பு எழுதினால் போதும்.

எழுதி முடித்ததும் சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை கொடுங்கள். இதை விடவே விடாதீர்கள். யூனிட் கோப்பில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால் சிஸ்டம்டி நிற்காது, அந்த வரியைத் தள்ளிவிட்டு ஓடும். எச்சரிக்கை ஜேர்னல் என்ற பதிவேட்டில் எங்கோ கிடக்கும், உங்கள் கண்ணில் படாது. வெரிஃபை அதை முன்னுக்கே காட்டும்.

சரி, இனிச் சோதனை. சேவை தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எங்கள் பக்கத்துச் சேர்வர்கள் விழுவது கரண்டால், ஆகவே விழுத்தித்தான் பார்க்க வேண்டும். ஓடும் நிரலைக் கில் கட்டளையில் 9 கொடுத்துக் கொல்லுங்கள். தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் தொடங்குங்கள்.

இரண்டாவதில்தான் நான் மாட்டினேன். நிரல் விழுந்தால் எப்போதும் மீண்டும் தொடங்கு என்று றீஸ்டார்ட்=ஆல்வேஸ் எழுதியிருந்தேன், போதும் என்று நினைத்தேன். ஆனால் சிஸ்டம்டி இயல்பாக 100 மில்லி விநாடிதான் காத்திருந்து மீண்டும் தொடங்கும். 10 விநாடிக்குள் 5 தடவைக்கு மேல் தொடங்கப் பார்த்தால் கைவிட்டுவிடும். தரவுத்தளம் இல்லாத அந்த ஒரு நிமிடத்தில், முதல் சில விநாடிக்குள்ளேயே நிரல் ஐந்து தடவை எழும்பி விழுந்தது, பிறகு தரவுத்தளம் வந்தும் அது எழும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் 5 விநாடி காத்திருக்கும்படி றீஸ்டார்ட்செக்=5 என்று ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. 254-ஆவது பதிப்பிலிருந்து இந்தக் காத்திருப்பைப் படிப்படியாகக் கூட்டும் வசதியும் இருக்கிறது, உங்கள் 252-இல் அது இல்லை.

அடுத்தது யூபிஎஸ். அதன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றி, சேர்வர் ஒழுங்காக அணைகிறதா என்று மணிக்கூட்டை வைத்துப் பாருங்கள். ஆலையின் பற்றரி பழையது, இரண்டு நிமிடம்தான் தாங்கும். எங்கள் பைதன் நிரல் நிறுத்தச் சொல்லும் சிக்னலைக் கவனிக்காமல் நின்றது. சிஸ்டம்டி ஒரு சேவைக்கு இயல்பாக 90 விநாடி பொறுக்கும், பிறகுதான் கொல்லும். தொடங்கும் வரிசையின் தலைகீழாகத்தான் நிறுத்தும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். போஸ்ட்கிரெஸுக்குப் பிறகு தொடங்கு என்று நான் சரியாக எழுதியதாலேயே, நிரல் நிற்கும் வரை போஸ்ட்கிரெஸை நிறுத்தும் வேலை தொடங்கவே இல்லை. இரண்டு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் அதிலேயே போனது. திரையில் அந்த விநாடிகள் ஒவ்வொன்றாக ஏற, யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது இப்பவும் காதுக்குள் நிற்கிறது. டைம்அவுட்ஸ்டாப்செக்=10 போட்டு, நிரலுக்கும் அந்தச் சிக்னலைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது 20 விநாடிக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

கடைசியாக, காப்புப் பிரதி எடுத்து வேறு டிஸ்க்கில் வைத்த பிறகு, கொம்பியூட்டரின் செருகியையே ஒரு தடவை பிடுங்குங்கள். காப்புப் பிரதி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

டெபியன் 13-க்கு மாறுவதை ஓடும் சேர்வரில் சோதிக்காதீர்கள். சேர்வரின் கோப்புகள் எல்லாம் இருக்கும் ரூட் முழுவதையும் ஆர்சிங் என்ற நகலெடுக்கும் கருவியால் வேறொரு கொம்பியூட்டரின் கோப்புறைக்குள் நகலெடுத்து, கோப்புறைக்குள் இருக்கும் இயங்குதளத்தை ஓட்டும் சிஸ்டம்டி-என்ஸ்போனால் அதைக் கிளப்பி, உள்ளே பதிப்பை மாற்றிப் பாருங்கள். சேர்வரிலேயே செய்தால் உள்ளே இருக்கும் போஸ்ட்கிரெஸும் வெளியே இருப்பதும் ஒரே போர்ட்டுக்கு அடிபடும், ஏனென்றால் என்ஸ்போன் இயல்பாக வெளியில் உள்ள நெற்வேர்க்கையே பாவிக்கும். தரவிறக்கம் கொஞ்சம் பெரிது, இரவு டேட்டாவில் விடுங்கள்.

சிஸ்டம்டி ஆட்கள் சோதிக்காமல் வெளியிடுவதில்லை. எம்கேஓஎஸ்ஐ என்ற கருவியால் முழு இயங்குதளப் படிமங்களைக் கட்டிக் கிளப்பிப் பார்க்கிறார்கள், தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்க்கும் ஃபஸ்ஸிங் செய்கிறார்கள், ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னே ஆர்சி என்ற முன்னோட்டப் பதிப்பு விடுகிறார்கள். அப்படியிருந்தும் 2024 ஜூனில் வந்த 256-இல், சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் கட்டளையில் புதிதாக வந்த --பேர்ஜ் என்ற தெரிவு, பெயரை நம்பித் தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கப் பார்த்தவரின் ஹோம் கோப்புறையையே அழிக்கக்கூடியதாக இருந்தது. 256.1-இலேயே அதைத் திருத்தினார்கள், இப்போது எந்த அமைப்புக் கோப்பு என்று பெயர் சொல்லாமல் அது ஓடாது. அவர்களின் சோதனையில் உங்கள் கடையின் பில் மென்பொருளும் இல்லை, உங்கள் யூபிஎஸ்ஸும் இல்லை. அந்தப் பகுதியை நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று. டொக்கர் என்ற கொன்டெய்னர் மென்பொருளின் பழைய பதிப்புக்காக, கேர்னலுக்குக் கொடுக்கும் தொடக்க வரியில் யாராவது சிகுரூப்பின் (நிரல்களைக் குழுவாக்கி வளங்களைப் பங்கிடும் கேர்னல் வசதி) முதலாம் பதிப்பைக் கட்டாயப்படுத்தி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். 258-இலிருந்து அது அறவே இல்லை. ஸ்டாட் -எஃப்சி %டி (டி பெரிய எழுத்தில்) என்று எழுதி, சிஸ் கோப்புறைக்குள் எஃப்எஸ், அதற்குள் சிகுரூப் என்ற பாதையைக் கொடுங்கள். சிகுரூப்2எஃப்எஸ் என்று பதில் வந்தால் பிரச்சினை இல்லை. டெம்ப்எஃப்எஸ் என்று வந்தால் ஸ்கிரிப்டுகளைத் தொடுவதற்கு முன் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.