காமர்ஸ் பிள்ளைகளின் கணக்குப் பாடம்: அன்றும் இன்றும்

"உங்கள் காலத்தில் பதினொன்று, பன்னிரண்டில் படித்ததற்கும் இன்றைய பிள்ளைகள் படிப்பதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டெல்லியில் சிபிஎஸ்இ-யில் காமர்ஸ் எடுத்து 2002-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். இப்போது மயூர் விஹாரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். அதனால் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்போது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் முதல் பகுதி எல்லோருக்கும் பொது. அப்புறம் இரண்டில் ஒன்றை எடுக்கலாம். இன்ஜினியரிங் போகிறவர்களுக்கு வெக்டர், முப்பரிமாண வடிவியல். எங்களுக்குக் கூட்டு வியாபாரம், மாற்றுச்சீட்டு (பில்) கணக்கு, வருடாந்திரத் தவணை. 2005 தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டிப் புதிய என்சிஇஆர்டி புத்தகங்கள் வந்தபோது அந்த வசதி போய்விட்டது. வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே கணக்கு.

அந்த வருடங்களில் என்னிடம் ஒரு பையன் படித்தான். அப்பாவுக்குக் கரோல் பாக்கில் கடை. ஒன்றையொன்று வெட்டாத இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள குறைந்தபட்சத் தூரத்தைப் போட்டுக்கொண்டிருந்தவன், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஆன்ட்டி, இது எங்க கடையில எங்க வரும்?" என்றான். வட்டியையும் கழிவையும் மனக்கணக்காகச் சொல்கிற பிள்ளை அவன். தட்டுத்தடுமாறித்தான் பாஸானான். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. பயந்துபோய்ப் பதினொன்றிலேயே கணக்கை விட்டவர்களும் உண்டு. டெல்லிப் பல்கலையில் எகனாமிக்ஸ் ஆனர்ஸுக்குப் பன்னிரண்டில் கணக்கு வேண்டும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

2020-21-இல் பதினொன்றாம் வகுப்புக்கு, வழக்கமான கணக்குக்குப் பதிலாக எடுக்கக்கூடிய அப்ளைடு மேத்ஸ் என்ற பாடம் வந்தது. இஎம்ஐ, தேய்மானம், பத்திரங்களின் மதிப்பு, குறியீட்டெண் எல்லாம் இதில் உண்டு. போன மாதம் ஒரு பெண் தன் அப்பாவின் ஸ்கூட்டர் கடன் தாளை எடுத்து வந்தாள். அசல், வட்டி, மாதங்கள் மூன்றையும் நோட்டில் எழுதித் தவணையைத் தானே போட்டாள். "பைசா வரைக்கும் சரியா இருக்கு ஆன்ட்டி!" என்று அவள் சொன்னபோது அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பாடம் இல்லை, சேரும் முன்பே கேளுங்கள். இன்ஜினியரிங் ஆசை இருந்தால் வழக்கமான கணக்கு, அதாவது 041 என்ற குறியீட்டு எண் கொண்ட பாடம், எடுப்பதுதான் சரி. பத்தாம் வகுப்பில் 2020 தேர்விலிருந்து ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு தாள்கள் இருக்கின்றன. பாடம் ஒன்றுதான், பேசிக் கேள்விகள் எளிது. ஆனால் பேசிக் எழுதியவர்கள் பதினொன்றில் 041 எடுப்பது பற்றிய விதி மாறியிருக்கிறது. படிவம் நிரப்பும் முன் அந்த வருடத்துச் சுற்றறிக்கையைப் படித்துவிடுங்கள்.