செர்னோபிலுக்குப் பிறகும் வளர்ந்த அணுமின் உற்பத்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

1986-இல் நடந்த செர்னோபில் விபத்தோடு உலக அணுமின் உற்பத்தி சரியத் தொடங்கியது என்றே எண்ணியிருந்தேன். அதன் பிறகும் அது பெருகியது என உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். புதிய உலைகள் அருகிவிட்ட காலத்தில் இது எப்படி நடந்தது?

ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

அணுமின் நிலையம், கட்ட முடிவெடுத்துப் பத்தாண்டு கழித்தே மின்சாரம் தரத் தொடங்குவது. ஆகவே எழுபதுகளில், எண்ணெய் நெருக்கடியின் அச்சத்தில் பிரான்ஸ் போன்ற நாடுகள் எடுத்த முடிவுகளின் பலன் எண்பதுகளில்தான் தெரிந்தது. 1984, 1985 ஆகிய ஈராண்டுகளிலும் தலா முப்பதுக்கும் மேற்பட்ட உலைகள் மின்கட்டமைப்பில் இணைந்தன. பிறகு புதிய உலைகள் அருகியதன் வேரும் எழுபதுகளிலேயே இருக்கிறது. வட்டியும் கட்டுமானச் செலவும் ஏறி, மின்தேவையின் வளர்ச்சி குறைந்ததால், அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979-இல் நடந்த விபத்துக்கு முன்பே அந்நாட்டு மின் நிறுவனங்கள் உலைகளுக்கான ஆணைகளை ரத்து செய்யத் தொடங்கிவிட்டன.

ஆயினும் 1986-க்கும் 2006-க்கும் இடையில் உலக உற்பத்தி ஒன்றரை மடங்குக்கும் மேல் உயர்ந்தது. முன்பே தொடங்கிய கட்டுமானங்கள் முடிந்தது ஒரு காரணம். இருக்கும் உலைகளைத் திறம்பட ஓட்டக் கற்றது மற்றொன்று. பெரும்பாலான உலைகளை ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை நிறுத்தி, எரிபொருள் இருக்கும் எஃகு அழுத்தக் கலனின் மூடியைக் கழற்றி, நீருக்கடியிலேயே எரிபொருள் கற்றைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாற்றுவார்கள். முன்பு மாதக்கணக்கில் நீண்ட இந்த வேலையை, முன்கூட்டிய திட்டமிடலால் அமெரிக்க நிலையங்கள் சுமார் ஒரு மாதமாகக் குறைத்தன. எண்பதுகளின் பெரும்பகுதியில், ஆண்டு முழுதும் முழுத் திறனில் ஓடினால் கிடைக்கும் மின்சாரத்தில் அறுபது விழுக்காட்டைக்கூட எட்டாதிருந்த அந்நாட்டு உலைகள் பின்னர் தொண்ணூறைத் தொட்டன. பேசப்படாத இந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

2011-இன் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் ஜப்பான் தன் உலைகளை நிறுத்தியதால் சரிந்த உலக உற்பத்தி, பின்னர் மெல்ல மீண்டு 2024-இல் 2006-இன் பழைய உச்சத்தை எட்டியது. அதற்குள் மொத்த மின்தேவை வெகுவாகப் பெருகிவிட்டதால், தொண்ணூறுகளில் சுமார் 17 விழுக்காடாக இருந்த அணுமின்சாரத்தின் பங்கு இன்று 9 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது.

இன்று உலைகளை மிக வேகமாகக் கட்டும் நாடு சீனா. நிலக்கரி நிலையங்கள் இயங்கிக்கொண்டிருக்கையிலேயே, நன்றாக ஓடிய தன் கடைசி மூன்று உலைகளை ஜெர்மனி 2023-இல் மூடியதை என்னால் ஏற்க இயலவில்லை. எண்பதுகளின் உலைகளுக்கு இப்போது நாற்பது வயதாகிறது. அவற்றில் எத்தனைக்கு உரிய சோதனைகளுக்குப் பின் உரிமம் நீட்டிக்கப்படும் என்பதைப் பொறுத்தே அடுத்த பத்தாண்டின் உற்பத்தி அமையும்.