சுவிட்சை அணைத்தால் அவசர விளக்கு எரிவது ஏன்?

கீழக்கரையில் நீங்கள் கட்டும் விடுதியில், நடைக்கூடச் சுவிட்சை அணைத்ததும் அவசர விளக்கு எரிந்து பேட்டரி தீர்ந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் சார்ஜருக்குச் செல்லும் பேஸ் (மின்சாரம் வரும்) ஒயரைச் சுவிட்சுக்கு முன்னால், அதே விளக்குச் சர்க்யூட்டின் நிலையான பேஸோடு இணையுங்கள்.

அந்த ஒயர் இப்போது சுவிட்சுக்குப் பின்னால் எடுக்கப்பட்டிருக்கவேண்டும். ஆகவே சுவிட்சை அணைப்பதையே மின்தடை என்று விளக்கு எடுத்துக்கொள்கிறது.

இதற்கென வேறொரு எம்.சி.பி.யிலிருந்து (மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் சுவிட்ச்) ஒயர் இழுக்கச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நடைக்கூட விளக்குகளின் எம்.சி.பி. மட்டும் விழும்போது அவசர விளக்குக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்குமாதலால், ஆட்கள் இருட்டில் படியிறங்கும் நேரத்தில் அது எரியாது. நியூட்ரலும் (மின்சாரம் திரும்பும் ஒயர்) அதே சர்க்யூட்டுடையதாகவே இருக்கட்டும், வேறு ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவு கண்டால் தானே அணையும் சுவிட்ச்) நியூட்ரலோடு கலந்தால் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும்.

மாற்றிய பின், சுவிட்ச் அணைந்த நிலையில் அவசர விளக்கின் முனைகளில் ஏறத்தாழ 230 வோல்ட் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரை அளக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டு நடைக்கூட விளக்குகளின் எம்.சி.பி.யை இறக்கினால், விளக்கில் குறித்துள்ள நேரம் முழுவதும் அது எரியவேண்டும்.

பலமுறை முற்றிலும் தீர்ந்த பேட்டரி, ஒயரிங் சரியான பிறகும் தேறாமல் போகலாம். கடலோர உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்திருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.