நந்தியாவட்டையில் நீலக் கண் வைத்த பச்சைப் புழு: கொட்டுமா, மருந்து அடிக்க வேண்டுமா?

கொட்டாது. மருந்தும் வேண்டாம். விரல் நீளம், கழுத்துப் பக்கம் இரண்டு நீலக் கண், வாலில் குட்டைக் கொம்பு என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது அரளி ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சியின் புழு. உயிரியல் பெயர் டாஃப்னிஸ் நீரீ. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் பூஜைக்காக வைத்திருக்கும் நந்தியாவட்டைக்கும் இது வரும்.

அந்த நீல வட்டங்கள் கண்ணே இல்லை. நிஜத் தலை அதற்கும் முன்னால் சின்னதாக இருக்கும். கிளையை லேசாக ஆட்டிப் பாருங்கள். தலையை உள்ளே இழுத்து முன்பக்கத்தை உப்பிக்கொள்ளும், வட்டங்கள் இரண்டும் பெரிதாக விழிக்கும். கொத்த வரும் மைனாவை மிரட்டத்தான் இத்தனையும். கொம்பு வெறும் சதைதான், குத்தாது.

வகைப்பாடு சுருக்கமாக: ஸ்பிங்கிடே குடும்பம். 1758-இல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அடீனியம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம், அதனால் பெரும்பாலும் இவற்றில்தான் முட்டையிடும். மனிதர் இதயத்தையே பாதிக்கும் அரளி இலையைத் தின்று இது கொழுக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

தாய்ப்பூச்சி தளிர்களில் வெளிர்பச்சை முட்டைகளைத் தனித்தனியாக இடும். பொரிந்த புழு நான்கு முறை தோலுரித்து, நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று வாரத்தில் முழு வளர்ச்சிக்கு வந்துவிடும்.

அப்புறம்தான் ஆபத்து. கூட்டுப்புழுவாகும் நேரம் வந்ததும் நிறம் பழுப்பாக மாறி, செடியை விட்டு இறங்கி, சருகு தேடி அலையும். தாழ்வாரத்தில் சருகு ஏது? சிமெண்டுத் தரையில் ஊர்ந்து மிதிபடும், இல்லையென்றால் துடைப்பத்தில் போய்விடும். தொட்டி மண்மேல் காய்ந்த இலைகளைக் கொஞ்சம் தடிமனாகப் பரப்பி வையுங்கள். அதற்குள் நூலால் தளர்வாகக் கூடு கட்டிக்கொள்ளும். தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள், சருகு ஊறக் கூடாது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பூச்சி வெளியே வரும். பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு கலந்த இறக்கை, தேசிய சேவைக்குப் போகும் பிள்ளைகளின் ராணுவச் சீருடை மாதிரி இருக்கும். அந்தி சாய்ந்ததும் மல்லிகை முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும்.

இலை போகிறதே என்று கவலைப்படாதீர்கள், நந்தியாவட்டை மறுபடி தழைத்துவிடும். செடி ரொம்பச் சின்னது என்றால் பாதிப் புழுக்களை புளோக்குக்குக் கீழே இருக்கும் பெரிய நந்தியாவட்டைப் புதரில் விடுங்கள். கையால் இழுக்காமல், இலையோடு நறுக்கி எடுத்துப் போனால் போதும்.