பழைய சாமான், புது வீடு: வாசகர் கேள்வி–பதில்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நாற்காலி பார்த்தேன். "அசல் பர்மா தேக்கு, செட்டியார் வீட்டுச் சாமான்" என்கிறார் கடைக்காரர். எப்படி நம்புவது? (வாசகி, திருச்சி)

மேல் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கவிழ்த்துப் போட்டு அடியைப் பாருங்கள். பாலிஷ் படாத ஓர் இடத்தைப் பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். தேக்கு என்றால் உள்ளேயும் பொன் கலந்த பழுப்பு நிறம்தான் இருக்கும். சுரண்டிய தூளில் எண்ணெய்ப் பிசுக்கும், தோல் பதனிட்டது போன்ற வாசனையும் வரும். உள்ளே வெளுப்பாக இருந்தால் மாமரம் போன்ற வேறு மரத்தில் கறை ஏற்றிய சரக்காக இருக்கலாம்.

அடுத்து தேய்மானம். பழைய நாற்காலியில் கால் வைக்கும் முன்கட்டை நடுவில் குழிந்திருக்கும், கைப்பிடி நுனி மழுங்கியிருக்கும். பின்கால்களின் உள்பக்கம் கூர் மாறாமல் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு மழுங்கியிருந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை. மூட்டுகளில் கழுந்து (கட்டையின் சீவிய நுனி) செருகி மர ஆணி அடித்திருக்கிறதா, நட்சத்திரத் தலை ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ஸ்க்ரூ பின்னால் பழுது பார்த்ததாக இருக்கலாம்; எல்லா மூட்டிலும் அதுவே என்றால் சாமானே புதுசு.

இன்னொரு வகையும் உண்டு. இடித்த வீட்டின் தூணையும் உத்தரத்தையும் அறுத்துப் புதிதாகச் செய்த மேசை, பெஞ்சு. மரம் பழசு, சாமான் புதுசு. அதில் தப்பே இல்லை. நாள்பட உழைக்க அதுதான் நல்லது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பழம்பொருள் விலை கொடுக்க வேண்டாம்.

வண்டுத் துளை இருந்தால் அடியில் வெள்ளைத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். மாவு போலத் தூள் கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது. தேக்கின் நடுவில் வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி எளிதில் தொடாது. ஓரத்து வெளிறிய மரத்தில்தான் புகும்.

பாட்டியின் பெட்டகத்தில் பாலிஷ் உரிகிறது. மெஷின் போட்டு இழைத்து மெலமைன் பாலிஷ் அடிக்கலாம் என்கிறார் ஆசாரி. சரிதானா? (வாசகர், தேவகோட்டை)

வேண்டாம். இழைத்தால் கொத்துவேலையின் விளிம்பு போய்விடும், நூறு வருஷம் ஏறிய நிறமும் போய்விடும். மெலமைனில் பின்னாளில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது.

மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை அரை நிமிஷம் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அரக்குச் சில்லு போட்டு, இரவெல்லாம் ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். ஈரத் துணியால் அழுக்கெடுத்து நன்றாகக் காய்ந்த பிறகு, பஞ்சைத் துணியில் பொதிந்து மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பின் அடுத்தது. ஐப்பசி அடைமழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காற்றின் ஈரத்தை இழுத்துப் பூச்சு பால் போல வெளுத்துவிடும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கவே கூடாது.

ஒரு விதிவிலக்கு: தொட்டில், நடைவண்டி மாதிரி குழந்தைச் சாமானில் பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் கலந்திருக்கலாம். உலர உலரத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பறக்கும். அதை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையைப் போட வேண்டாம்.

ஊரிலிருந்து ஊஞ்சலைக் கொண்டுவந்துவிட்டோம். அடுக்குமாடி வீட்டில் மாட்டலாமா? (வாசகி, மதுரை)

6 அடிக்கு 2 அடி, ஒன்றே முக்கால் அங்குலக் கனம் என்றால் பலகை மட்டுமே 30 கிலோவுக்கு மேல் இருக்கும். பித்தளைச் சங்கிலியும் மூன்று பேரும் சேர்ந்தால் 250 கிலோவைத் தொடும். ஆடும்போது இழுவை இன்னும் கூடும். ஆகவே இரண்டு மடங்கு தாங்கும்படி கணக்குப் போடுங்கள். வளவு வீட்டில் (முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு) இதையெல்லாம் மர உத்தரம் வாங்கிக்கொண்டது. தளத்தில் துளை போட்டு முடுக்கும் விரிவு போல்ட்டை நம்பக் கூடாது; ஆட ஆட அது இளகும், வெளியே தெரியாது. தளத்தை ஊடுருவி மேலே தகடு வைத்து முடுக்கலாம்தான், ஆனால் மேலே இருப்பது அடுத்தவர் வீட்டுத் தரை. கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டு பீமைக் காட்டுங்கள். அவர் முடியாது என்றால் இரும்புச் சட்டம் அடித்துத் தரையில் நிறுத்திவிடுங்கள்.

முன்னும் பின்னும் 3 அடி இடம் விடுங்கள். பலகை தரையிலிருந்து 18 அங்குலம். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு கண்ணியையும் திருப்பி, உரசும் வளைவைப் பாருங்கள். பாதி தேய்ந்த கண்ணியோடு தொங்கவிடாதீர்கள்.

ஆத்தங்குடி தரைக்கல் பதித்து மூன்று மாதம் ஆகிறது. வெள்ளை பூத்ததைப் பார்த்து வேலையாள் ஆசிட் ஊற்றிவிட்டார். இப்போது மினுமினுப்பே இல்லை. (வாசகர், புதுக்கோட்டை)

ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சாந்து ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. கண்ணாடியின் வழவழப்புதான் அதன் மினுக்கு. அந்த மேல்தோலை ஆசிட் அரித்துவிட்டது. வெள்ளை பூத்தது அடிக்கலவையின் ஈரத்தோடு மேலே வந்த உப்பு. உலர்ந்த துடைப்பத்தால் தட்டிப் பெருக்கி வந்திருந்தால் ஈரம் வற்றியதும் தானே நின்றிருக்கும்.

இனி செய்ய வேண்டியது: நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். 400, பிறகு 800 நம்பர் தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரத்தோடு கையாலேயே தேயுங்கள். மெஷின் வேண்டாம், வண்ணம் சில மில்லிமீட்டர்தான். நன்கு காய்ந்ததும் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தை உடனே துடைத்துவிடுங்கள். அதிகமானால் தூசி ஒட்டிக் கறுக்கும். பழைய மினுக்கு முழுசாக வராது. நடக்க நடக்கக் கொஞ்சம் மீளும்.

பழைய எனாமல் தூக்குச்சட்டியில் ஊறுகாய் வைக்கலாமா? பனையோலைக் கொட்டான் பூஞ்சை பிடிக்கிறதே? (வாசகி, காரைக்குடி)

பூச்சு உதிர்ந்திருந்தால் இரும்பு துருவேறும். பழைய வண்ணப்பூச்சில் ஈயமும் இருக்கலாம். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடிதான். தூக்குச்சட்டியில் வெங்காயம் கொட்டிவையுங்கள், இல்லை வாசல் பக்கம் குடை செருகுங்கள்.

கொட்டானைக் கழுவாதீர்கள், சாயம் இறங்கும். பல்துலக்கும் பிரஷால் பூஞ்சையைத் தட்டிவிட்டு, இளவெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். உச்சி வெயில் ஓலையை மொறுமொறுவென்று ஆக்கி மடிப்பில் உடைத்துவிடும். மூடிய அலமாரியில் போடாமல் திறந்த தட்டில் வையுங்கள்.