குவில்ட்டின் பின்னணிக்குத் தூய வெள்ளையா, ஆஃப் ஒயிட்டா?

கேள்வி: செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், அடர்நீலம் ஆகிய நிறங்களில் உள்ள அச்சுத் துணிகளைக் கொண்டு நட்சத்திர வடிவக் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை) ஒன்றைத் தைக்கிறேன். பின்னணிக்குப் பிளெயின் துணி வாங்க வேண்டும். தூய வெள்ளை கண்ணைக் கூசச் செய்கிறது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆஃப் ஒயிட் அழுக்கேறியது போலத் தெரிகிறது. எதை வாங்கலாம்? வெள்ளையை வாங்கினால் நாளடைவில் மஞ்சளித்துவிடுமா?

பதில்: நீங்கள் சொல்லும் நிறங்களுக்கு ஆஃப் ஒயிட்டே பொருந்தும் என்பது என் கருத்து. செங்கல் சிவப்பிலும் கடுகு மஞ்சளிலும் பழுப்பின் சாயல் கலந்திருப்பதால், நீலச் சாயலுள்ள பளிச்சென்ற வெள்ளை அவற்றோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். கலப்பில்லாத சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், டர்க்காய்ஸ் போன்ற தெளிவான நிறங்களாக இருந்திருந்தால் தயங்காமல் தூய வெள்ளையைச் சொல்லியிருப்பேன்.

ஆஃப் ஒயிட் அழுக்காகத் தெரிந்ததற்குக் காரணம் அந்தத் துணி அல்ல, நீங்கள் அதை வெள்ளையின் பக்கத்தில் வைத்ததே. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், 1824 முதல் பாரிசின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தவர். அங்குள்ள சில சாயங்களில் நிறம் எடுப்பாக இல்லை என்று எழுந்த புகார்களை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறமே கண்ணை அப்படிப் பார்க்கவைக்கிறது என்று அவர் கண்டறிந்தார். இதை விரிவாக விளக்கி 1839-இல் ஒரு நூலும் வெளியிட்டார். உங்கள் குவில்ட்டில் இந்த இரண்டு துணிகளும் பக்கத்தில் பக்கத்தில் வரப்போவதில்லை. ஆகவே அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக உங்கள் அச்சுத் துணிகளுக்கு நடுவே விரித்துப் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, அச்சுத் துணிகளுக்குள்ளேயே இருக்கும் வெள்ளையைத்தான். பூக்களுக்கும் கோடுகளுக்கும் இடையில் தெரியும் அடித்துணி சிலவற்றில் நீலம் பாய்ந்த வெள்ளையாகவும், சிலவற்றில் பாலாடை நிறமாகவும் இருக்கும். பெரும்பாலான துணிகளில் பாலாடை நிறம் இருந்தால், தூய வெள்ளைப் பின்னணி அவை அனைத்தையும் பழையதாகக் காட்டிவிடும். மாறாக, அவற்றில் தூய வெள்ளைப் புள்ளிகள் நிறைய இருந்தால், ஆஃப் ஒயிட் பின்னணியில் அந்தப் புள்ளிகள் துளைகளைப் போலத் துருத்திக்கொண்டு தெரியும். சந்தேகம் எழும் இடத்தில் பிரிண்டரில் போடும் சாதாரண வெற்றுத் தாள் ஒன்றைத் துணியின் மேல் வையுங்கள். அது பொதுவாக நீலம் கலந்த வெள்ளையாக இருப்பதால், துணியின் மறைந்திருக்கும் சாயல், அது மஞ்சளோ இளஞ்சிவப்போ சாம்பலோ, உடனே வெளிப்படும். ஆஃப் ஒயிட் என்ற ஒரே பெயரில் இத்தனை சாயல்களும் விற்பனைக்கு வருகின்றன. கடுகு மஞ்சளோடு சேர்க்க மஞ்சள் சாயலுள்ளதையே தேடுங்கள், இளஞ்சிவப்புச் சாயலுள்ளது அங்கே நோய்ப்பட்டது போல வெளிறித் தெரியும்.

இந்தச் சோதனையைப் பகலில் ஜன்னலோரத்தில் ஒருமுறையும், குவில்ட் விரிக்கப்படும் அறையின் விளக்கொளியில் ஒருமுறையும் செய்வது அவசியம். 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் விளக்கின் கீழ் ஆஃப் ஒயிட் க்ரீம் நிறமாகவே மாறிவிடும். 6500 கெல்வின் அளவிலான வெள்ளை விளக்கின் கீழ் தூய வெள்ளை மேலும் நீலம் பூத்து நிற்கும்.

வெள்ளை மஞ்சளிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பருத்தியின் இயல்பான நிறமே இளம் பழுப்புதான். அதை வெளுத்த பின்னும் கண்ணைப் பறிக்கும் வெண்மை கிடைக்காததால், பெரும்பாலும் ஒளிர்வூட்டும் வேதிப்பொருளை ஏற்றுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக வெளிவிடுகிறது, அந்த நீலம் துணியின் மஞ்சளை மறைக்கிறது. வெயிலிலும் தொடர்ந்த சலவையிலும் இந்தப் பொருள் குறையும்போது, மறைந்திருந்த மஞ்சள் மீண்டும் தெரியத் தொடங்குகிறது. ஆகவே ஆம், காலப்போக்கில் வெண்மை மங்கும். ஆனால் பலரும் கவனிக்காத மறுபக்கம் ஒன்று உண்டு. பல சலவைத் தூள்களிலும் இதே பொருள் கலந்திருப்பதால், அவற்றில் துவைக்கத் துவைக்க ஆஃப் ஒயிட் துணி தன் இதமான சாயலை இழந்து வெள்ளையை நோக்கி நகரும். ஆஃப் ஒயிட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒளிர்வூட்டி சேராத சலவைத் திரவத்தையே பயன்படுத்துங்கள். மஞ்சளித்த வெள்ளையை மீட்கக் குளோரின் பிளீச்சை நாடவும் வேண்டாம், அது பருத்தி இழையையே நைந்துபோகச் செய்யும்.

எந்த வெள்ளையானாலும் நெசவு நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அடர்நீலத் துண்டைத் துணிக்கு அடியில் வைத்தால் அதன் விளிம்பு தெளிவாகத் தெரியுமானால், தைத்து முடித்த பிறகும் தையலுக்கு விட்ட கால் அங்குலத் துணி நிழலாகத் தெரியும். அந்தக் கால் அங்குலத்தை எப்போதும் அடர்நிறத் துணியின் பக்கமாக மடித்து இஸ்திரி போடுவதும், தொங்கும் நூல்முனைகளை வெட்டிவிடுவதும் இதைப் பெருமளவு தவிர்க்கும். நடுவில் வைக்கும் பேட்டிங் எனும் பஞ்சு அடுக்கும் மேல்துணியின் நிறத்தை மாற்றக்கூடியது. வெளுக்காத பருத்தி பேட்டிங் ஆஃப் ஒயிட்டுக்கு இணக்கமானது, தூய வெள்ளைக்கு அடியில் அது மங்கலை உண்டாக்கும்.

சிவப்பும் அடர்நீலமும் சாயம் விடுவதில் பேர்போனவை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். கறை இறங்கினால் அந்தத் துணியை வெட்டுவதற்கு முன்பே, நீர் தெளியும்வரை அலசிவிடுங்கள். சுருங்குவதில் வேறுபாடு வராமலிருக்க, ஒன்றைத் துவைத்தால் பின்னணித் துணி உட்பட அனைத்தையும் துவைத்துவிடுவதே நல்லது.

தேவையான அளவைக் கணக்கிட்டு, ஓரப் பட்டைக்கும் சேர்த்து ஒரே சுருளிலிருந்து ஒரே நேரத்தில் வாங்குங்கள். ஒரே பெயருள்ள ஆஃப் ஒயிட்டும் சாயத் தொகுதி மாறினால் சற்றே மாறுபடும். அந்தச் சிறிய வேறுபாடு, பின்னணி போன்ற பரந்த பரப்பில் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். பிற்காலப் பழுதுபார்ப்புக்காக அரை மீட்டரைக் கூடுதலாக எடுத்துவைத்து, குவில்ட்டைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் அதையும் உடன் போட்டு எடுங்கள். அப்போதுதான் ஒட்டுப்போட நேரும் நாளில் இரண்டின் நிறமும் ஒத்துப்போகும்.